வருவதை எண்ணி வழிவகுப்போர்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். உலகத்துப் பெரிய கம்பனிகளிலே எதிர்காலவியலாளர் என்றொரு உத்தியோகம் உண்டு. விஞ்ஞானமும் யந்திரங்களும் எத்திசையில் செல்கின்றன, மக்களின் தேவைகள் எவ்வாறு மாறுகின்றன என்பவற்றை ஆராய்ந்து, கம்பனி எந்தப் புத்தாக்கத்தில் பணத்தைப் போடலாம், எந்தப் பழைய தொழிலைக் கைவிடலாம் என்று தலைவர்களுக்கு யோசனை கூறுவது அவர் வேலை. வயலும் குளமும் காடும் சூழ்ந்த வன்னியிலே, திருவிழாத் தொண்டும் குருபூசையும் நடத்திவரும் ஒரு இந்து வாலிபர் சங்கத்திலே, கம்பனிக்காரரின் ஆலோசகரைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் உண்டு. எமது மண்ணின் வாழ்வை மாற்றிய பெரிய தீர்மானங்கள் பலவும் எங்கோ தூரத்து மேசைகளிலே, எம்மைக் கேளாமலே, செய்யப்பட்டன. எண்ணெயின் விலை, மிளகாயின் விலை, உரம் வருமா வராதா என்பது, ஆடைத் தொழிற்சாலை எங்கே அமையும் என்பது ஆகிய யாவும் அப்படிப்பட்டவை. அந்த மேசைகளைச் சுற்றி இருப்போர் வருங்காலத்தை எவ்வாறு எண்ணுகின்றார்கள் என்பதை அறிந்தால், அவ்வாறு எண்ணும் பழக்கத்தை நாமும் கைக்கொள்ளலாமன்றோ? அதுவே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். எதிர்காலவியலாளர் சோதிடர் அல்லர். சோதிடர் பிறந்த நேரத்தைக் கணித்து, இன்னது நடக்கும் என்று ஒரே பலனைச் சொல்லுகின்றார். எதிர்காலவியலாளரோ, நடக்கக்கூடியவை பல என்ற எண்ணத்திலிருந்தே தொடங்குகின்றார். அவர் தமக்குத் தாமே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கின்றார். எது நிச்சயமாக வரும்? எது வரலாம், வராமலும் போகலாம்? இரண்டில் எது வந்தாலும் இன்றே செய்யத்தக்கது எது? இக்கேள்விகளுக்கு விடைகாண அவர் பொறியியலாளரோடு பேசுகின்றார். ஆய்வுகூடங்களில் நடப்பதைக் கவனிக்கின்றார். சனத்தொகைக் கணக்கையும் சட்டங்களையும் சந்தையையும் பார்க்கின்றார். பின்பு, இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம் என்று இரண்டு மூன்று கதைகளை எழுதி, "இந்தக் கதை உண்மையானால் உங்கள் கம்பனி என்ன செய்யும்?" என்று தலைவர்களை வினவுகின்றார். அவர்கள் விடை தெரியாது விழிக்கும் இடத்திலேதான் அவருடைய வேலை தொடங்குகின்றது.

இத்துறையில் உலகம் அறிந்த பெரியார் ஒருவர் நமது இலங்கையிலேயே அரை நூற்றாண்டு வாழ்ந்தார். இங்கிலாந்திலே பிறந்து, 1956ஆம் ஆண்டு முதல் இங்கே குடியிருந்து, 2008ஆம் ஆண்டு கொழும்பிலே காலமான ஆர்தர் சி. கிளார்க் அவர்களே அவர். பூமத்திய ரேகைக்கு மேலே, பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றிவரும் செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் அவர் விளக்கினார். 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்தபோது, அத்தகைய செய்மதி ஒன்றின் வழியாகவே அதன் காட்சிகள் பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டின. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 தொடக்கம் 2002 வரை அவர் விளங்கினார். அவர் பெயரால் 1984இல் நிறுவப்பட்ட தொழில்நுட்ப நிறுவனம் மொரட்டுவையில் இன்றும் இயங்குகின்றது.

வருங்காலத்தைக் கூற முற்படுவோர் இரண்டு வகையில் தவறுகின்றனர் என்று 1962இல் வெளிவந்த தமது நூலொன்றிலே கிளார்க் எடுத்துக்காட்டினார். ஒன்று துணிவின் குறை: காரணகாரியம் எல்லாம் கண்முன் இருந்தும், முடிவை ஏற்க நெஞ்சு துணியாமை. மற்றது கற்பனையின் குறை: இதுவரை எவரும் காணாத புதுமை ஒன்று இடையிலே தோன்றக்கூடும் என்று எண்ணாமை. இரண்டாவது குறைக்கு அவரும் விலக்கல்லர். 1945இல் அவர் எண்ணிய செய்மதி, மனிதர் குடியிருந்து பராமரிக்கும் ஒரு விண்வெளி நிலையம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் திரான்சிஸ்டர் பிறந்து, கருவிகள் சிறுத்து, ஆளில்லாமலே இயங்கும் காலம் விரைவில் வரும் என்பதை அவரும் அன்று காணவில்லை. அத்தகைய மேதையும் முழுவதையும் காணவில்லையாயின், ஒரே ஒரு பலனை நம்பி வாழ்வைப் பணயம் வைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை உய்த்துணரலாம்.

கம்பனிக்குள்ளே அமர்ந்து இவ்வேலையைச் செய்தவர்களில் முதலிடம் பெறுபவர் பியேர் வாக் என்ற பிரெஞ்சுக்காரர். ஷெல் எண்ணெய்க் கம்பனியின் இலண்டன் தலைமையகத்திலே, 1970களின் தொடக்கத்தில், திட்டமிடும் பகுதியில் அவர் கடமையாற்றினார். அவர் இந்தியாவுக்குப் பலமுறை வந்து ஞானாசிரியர்களிடம் பயின்றவர். உள்ளதை உள்ளபடி காண்பது எப்படி என்பதே அவர் தேடிய கல்வி. அக்காலத்தில் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. என்றும் அப்படியே கிடைக்கும் என்று கம்பனிக்காரர் யாவரும் நம்பினர். வாக்கும் அவர் தோழர்களும் எண்ணெய் உடைய நாடுகளின் நிலையிலிருந்து பார்த்தார்கள். நிலத்தடியில் உள்ள செல்வத்தை மலிவாக அள்ளிக் கொடுத்துவிட்டு, வரும் பணத்தைச் செலவிடவும் வழியில்லாதிருக்கும் நாடு, எண்ணெயை நிலத்திலேயே வைத்திருக்க விரும்பாதா? விரும்பினால் விலை என்னாகும்?

இக்கேள்வியை 1972இலும் 1973இலும் தலைவர்களின் முன் அவர்கள் வைத்தார்கள். 1973 ஒக்டோபரில் மத்திய கிழக்கில் யுத்தம் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெயை மட்டுப்படுத்தின. அவ்வாண்டு நடுப்பகுதியில் பீப்பாய் ஒன்றுக்கு 3 டொலர் அளவில் நின்ற விலை, 1974 சனவரியில் 11 டொலருக்கு மேல் ஏறிற்று. உலகமே திகைத்து நின்றது. முன்னரே அக்கதையைக் கேட்டுப் பழகியிருந்த ஷெல் கம்பனி, ஏனைய பெரிய எண்ணெய்க் கம்பனிகளைவிட விரைவாகத் தன்னை மாற்றிக்கொண்டது என்பர்.

வாக் தமது அனுபவத்தை 1985இல் எழுதியபோது கங்கை நதியை உவமை காட்டினார். இமயத்துப் பக்கத்திலே பெருமழை பெய்துவிட்டதாயின், சில நாட்களில் அடிவாரத்திலும், பின்பு அலகாபாத்திலும், அதன்பின் காசியிலும் வெள்ளம் வரும் என்பதற்குச் சோதிடம் வேண்டியதில்லை. மழை ஏற்கெனவே பெய்துவிட்டது, நீர் வந்துகொண்டிருக்கின்றது, அவ்வளவே. அவ்வுவமைக்கு நாம் கங்கைக்குப் போகத் தேவையில்லை. வவுனியா மாவட்டத்திலே தொடங்கும் கனகராயன் ஆறு, வடக்கே ஓடிவந்து இரணைமடுவை நிரப்பி, அப்பால் சுண்டிக்குளம் களப்பிலே சேர்கின்றது. தலைப்பிலே மழை கொட்டினால் கிளிநொச்சியில் வானம் வெளித்திருந்தாலும் குளம் ஏறும் என்பது எமது கமக்காரர் அறியாததா? 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மக்கள் வீடுவாசல் விட்டுப் பெயர்ந்ததை நாம் மறக்கவில்லை. ஆற்றின் தலைப்பில் பெய்த மழையை இங்கே இருந்துகொண்டே காணும் கண் வேண்டும். எதிர்காலவியலாளரிடம் கம்பனி விலைகொடுத்து வாங்குவது அந்தக் கண்ணைத்தான்.

ஆயினும், கண்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு மகாபாரதமே சாட்சி. அத்தினாபுரத்து அரசவையில் வருவதை முன்னறிந்து கூறிய அமைச்சர் விதுரர். அரக்கு மாளிகையின் சூழ்ச்சியை அவர் உணர்த்தினார். உணர்த்தியதோடு நில்லாது, சுரங்கம் தோண்டுபவன் ஒருவனையும் அனுப்பினார். பாண்டவர் அவர் சொல்லைக் கேட்டனர், உயிர் தப்பினர். அதே விதுரர் சூதாட்டம் குலத்தை அழிக்கும் என்று திருதராட்டிர மன்னனிடம் எடுத்துரைத்தார். அம்மன்னன் அவர் சொல்லைப் பொய்யென்று தள்ளவில்லை. மகன்மேல் வைத்த பாசத்தால் தள்ளினான். அறிவுரை ஒன்றே. ஆனால் கேட்டவர் நெஞ்சு வேறு, விளைவும் வேறு.

இக்காலத்துத் திருதராட்டிரன் கதையொன்றைக் கூறுவோம். புகைப்படச் சுருள் விற்று உலகை ஆண்ட கொடாக் கம்பனியிலே, 1975ஆம் ஆண்டு, ஸ்டீவன் சாசன் என்ற 25 வயதுப் பொறியியலாளர் சுருளே இல்லாது படம்பிடிக்கும் கருவியைச் செய்து காட்டினார். ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை, ஒரு படத்தை நாடாவில் பதிய 23 செக்கன், படமும் தெளிவில்லை. எனினும் உலகத்தின் முதலாவது டிஜிட்டல் கமெரா அதுவே. 1981இல் அக்கம்பனியின் சந்தை ஆய்வுப் பகுதி ஆராய்ந்து, இப்புதுமை ஒருநாள் சுருளின் இடத்தைப் பிடிக்கக்கூடும், ஆயத்தம் செய்யப் பத்தாண்டு அளவில் அவகாசம் உண்டு என்று அறிக்கை கொடுத்தது. கணக்கு ஏறத்தாழச் சரி. ஆனால் சுருளிலிருந்து வரும் இலாபத்தின்மேல் வைத்த பாசத்தை அத்தலைவர்களால் விடமுடியவில்லை. 2012 சனவரியில் கொடாக் கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதே தொழிலைச் செய்த யப்பானின் பியூஜி கம்பனியோ, தன் இரசாயன அறிவைத் திரைகளுக்கான மென்படலம், மருந்து, முகப்பூச்சு என்று வேறு வழிகளில் திருப்பிப் பிழைத்துக்கொண்டது. இரண்டு கம்பனிக்கும் பெய்த மழை ஒன்றே.

ஆதலால், எதிர்காலவியலாளரின் உண்மையான வேலை வருவதைச் சொல்வதன்று. தீர்மானம் செய்வோரின் மனத்துக்குள்ளே உறைந்து கிடக்கும் பழைய உலகத்தின் படத்தை அசைப்பதே அவர் வேலை. வாக் அவர்களும் இதனைப் பட்டறிந்தார். அவருடைய முதற்கதைகளைத் தலைவர்கள் கேட்டு, நன்று நன்று எனத் தலையசைத்துவிட்டு, முன்போலவே நடந்தார்கள். பின்புதான் அவர் புள்ளிவிபரத்தைக் குறைத்து, அவர்கள் நம்பியிருந்த உலகமே இனி இராது என்பதை அவர்கள் உள்ளத்திலே படச் செய்யும் வழியைத் தேடினார்.

நமது இலங்கையிலும் இவ்வாறான முன்னாயத்தம் நடந்திருக்கின்றது. மேல்நாடுகள் இலங்கை ஆடைகளுக்கு ஒதுக்கிவந்த கோட்டா முறை 2004ஆம் ஆண்டின் இறுதியோடு ஒழியும் என்பது, 1995இல் தொடங்கிய உலக உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது. தலைப்பில் மழை பெய்துவிட்டது என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் ஏது? கோட்டா போனால் பெரிய நாடுகளோடு மலிவிலே போட்டியிட முடியாது, இலங்கையின் ஆடைத்தொழில் படுத்துவிடும் என்று பலர் அஞ்சினர். 2002இல் ஆடைத்தொழிற் சங்கங்கள் ஒன்றிணைந்து ஒரு மன்றம் அமைத்து, ஐந்தாண்டுத் திட்டம் வகுத்தன. மலிவிலே வெல்ல முடியாதாயின், தரத்திலும், புதிய வகை ஆடைகளிலும், தொழிலாளரை நேர்மையாக நடத்துகிறோம் என்ற நற்பெயரிலும் வெல்லுவோம் என்ற வழியை அவை தேர்ந்தன. சிறிய ஆலைகள் பல மூடப்பட்டன என்பதும் உண்மை. ஆயினும் தொழில் அழியவில்லை. ஆடையே இன்றும் இலங்கையின் முதன்மையான ஏற்றுமதிப் பண்டம். 2008இல் மாஸ், பிராண்டிக்ஸ், டயலொக், ஹேலீஸ் முதலிய கம்பனிகள் அரசாங்கத்தோடு கூடி நனோ தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒன்றையும் நிறுவின. யுத்தம் முடிந்தபின் மாஸ் கம்பனியின் ஆடைத் தொழிற்சாலைகள் கிளிநொச்சிக்கும் வந்தன. எமது சகோதரிமார் காலையிலே பஸ் ஏறிச் செல்வது, இப்படி ஒரு மேசையில் எண்ணப்பட்ட வருங்காலத்துக்குள்ளேதான்.

மன்னார்க் கடலுக்கு அப்பால், இராமேஸ்வரத்திலே 1931இல் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் இதே வேலையை ஒரு கம்பனிக்கன்றி ஒரு தேசத்துக்கே செய்தார். தொழில்நுட்பத்தின் போக்கை முன்னறிந்து கூறுவதற்கென்று இந்திய அரசாங்கம் 1988இல் ஒரு சபையை நிறுவிற்று. கலாம் அவர்களின் தலைமையிலே அச்சபை, விவசாயம், மருத்துவம், மின்சாரம் எனத் துறைதோறும் அறிஞரைக் கூட்டி, 2020ஆம் ஆண்டில் இந்தியா எப்படியிருக்க வேண்டும் என்ற அறிக்கைகளை 1996இல் வெளியிட்டது. அந்த 2020 வந்தபோது கொள்ளைநோய் உலகத்தை வீட்டுக்குள்ளே பூட்டிவைத்தது. அதனால் அவ்வேலை வீண் என்று சொல்லலாமா? சொல்லலாகாது. குறித்த நாளில் குறித்த நிலையை அடைந்தோமா என்பதைவிட, ஒரு தேசத்தின் இளைஞர் இருபத்தைந்து ஆண்டுக்கு அப்பால் நோக்கப் பழகினரா என்பதே பெரிது. எனினும், ஒரே காட்சியோடு நின்றுவிடாது, எதிர்பாராத வேறு காட்சிகளையும் கூடவே எண்ணிவைக்க வேண்டும் என்ற பாடத்தையும் அவ்வாண்டு கற்பித்தது.

இனி எமது வன்னிக்கு வருவோம். இங்குள்ள மூத்தோர்களே எமக்குச் சாட்சி. 1960களிலும் 70களிலும் விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிலே படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்றவர்கள் காடு வெட்டி, கிணறு தோண்டி, மிளகாய் பயிரிட்டார்கள். மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்தபடியால் நல்ல விலை கிடைத்தது. வியர்வைக்குப் பலன் கண்ட காலம் அது. 1977இல் அரசாங்கம் மாறிற்று, இறக்குமதிக் கதவுகள் திறந்தன, விலை விழுந்தது. உழைப்பிலே அந்த வாலிபர் குறைந்தவர் அல்லர். ஆனால் அவர்களுடைய செழிப்பு முழுவதும் ஒரு சட்டத்தின்மேல் நின்றது. அச்சட்டம் கொழும்பிலே ஒரு கையெழுத்தின்மேல் நின்றது. அந்தக் கையெழுத்து மாறினால் என்ன செய்வது என்ற கேள்வியைக் கேட்டுப் பார்க்க அவர்களுக்கு ஒரு மேசை இருந்ததில்லை.

பின்னரும் அவ்வாறே. 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, காலபோகத்து வயல் மஞ்சளித்து நின்றதைக் கண்டோம். தடை அவ்வாண்டு நவம்பரிலே தளர்த்தப்பட்டது. வயலுக்கு அது பிந்திய மருந்து. 2022இல் எரிபொருளுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோம். யுத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 2009இல் இந்த மண்ணின் சனங்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012இல் மூடப்படும்வரை கூடாரத்தில் வாழ்ந்தவர்களும் இச்சபையில் உண்டு. வருங்காலம் என்ற சொல்லே கசந்துபோன ஒரு தலைமுறை, "நாளைக்கு நடப்பதை நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லுவதை நாம் குறைகூற மாட்டோம். திட்டமிட்டதெல்லாம் ஒரே இரவில் எரிந்ததைக் கண்டவர்களின் சொல் அது. ஆயினும், அதையே இளந்தலைமுறையும் தன் கொள்கையாக்கிக்கொண்டால், எம்முடைய நாளையைப் பிறரே என்றும் தீர்மானித்துக்கொண்டிருப்பார்கள் என்பதைப் பணிவோடு விண்ணப்பிக்கின்றோம்.

முன்னாயத்தம் எமக்குப் புதியதுமன்று. ஆண்டுதோறும் சிறுபோகத்துக்கு முன்னே, குளத்தின் நீர்மட்டத்தை அளந்து, இத்தனை ஏக்கர் விதைக்கலாம், இன்னார்க்கு இவ்வளவு என்று கமக்கார அமைப்புகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் கூடித் தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கின்றது. உள்ள நீர் எவ்வளவு, வரக்கூடிய வெயில் எவ்வளவு, நீர் குறைந்தால் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று எண்ணும் அக்கூட்டம், எதிர்காலவியலாளரின் கூட்டத்துக்கு எவ்வகையில் குறைந்தது? மிஷன் பள்ளியில் படித்த நாட்களிலே நாம் கேட்ட யோசேப்பின் கதையும் இதுவே. எகிப்து மன்னன் பார்வோன் கண்ட கனவுக்கு, ஏழாண்டு விளைவும் ஏழாண்டுப் பஞ்சமும் வரும் என்று யோசேப்பு பொருள் சொன்னான். சொன்னதோடு நிறுத்தியிருந்தால் அவன் வெறும் குறிசொல்லி. நல்ல ஆண்டுகளின் விளைவில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து வை என்று வழியும் காட்டினான். அதனாலேயே ஒரு நாடு பிழைத்தது. வருவதை அறிதலையே அறிவுடையோரின் இலக்கணமாக எமது வள்ளுவரும் வகுத்தார். சமயம் எதுவாயினும் சான்றோர் சொன்னது ஒன்றே.

ஆனால், அறிவு மட்டும் அமைந்து அறம் அமையாவிட்டால் என்னாகும் என்பதையும் எண்ண வேண்டும். வருங்காலத்தைக் கண்டு புகழ்பெற்ற அந்த ஷெல் கம்பனியே, பூமி சூடேறுவதன் அபாயத்தை எச்சரிக்கும் படமொன்றை 1991இல் தயாரித்தது. கடல் ஏறும், வெள்ளமும் வரட்சியும் மிகும், ஏழை நாடுகளே பெரிதும் வருந்தும் என்று அக்கம்பனி அறிந்திருந்தது. அறிந்தும் எண்ணெய் எடுக்கும் தொழிலை அது விட்டுவிடவில்லை. கம்பனியின் எதிர்காலவியலாளர் கம்பனியின் நன்மையை எண்ணச் சம்பளம் பெறுகின்றார். முல்லைத்தீவுக் கரையில் வலை இழுப்பவனை எண்ண அவருக்கு எவரும் சம்பளம் கொடுப்பதில்லை. அவனை எண்ணவேண்டியவர் யார்? நாமே அன்றோ! தொண்டு என்று நாம் சொல்லுவதிலே, தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் மட்டுமல்ல, எமது ஊரின் நாளையை எண்ணுவதும் அடங்கவேண்டும்.

ஆகவே, சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். ஆண்டுக்கு ஒரு நாள், மூத்தோரும் வாலிபரும், ஆண்களும் பெண்களும் ஒருங்கே அமர்ந்து, முன்சொன்ன மூன்று கேள்விகளையும் எமது ஊரைப் பற்றிக் கேட்போம்.

ஏற்கெனவே பெய்துவிட்ட மழை எது? இன்னும் பத்தாண்டில் சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் பிள்ளைகள் இன்றே பிறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடங்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை இன்றே எண்ணிவிடலாம். மழை முன்போலப் பருவத்தில் பெய்வதில்லை என்பதை வயலே சொல்லுகின்றது. 2022 இறுதியில் வெளிவந்த சற்ஜிபிரி போன்ற செயற்கை நுண்ணறிவு, கடிதம் எழுதுகின்றது, கணக்குப் பார்க்கின்றது, கணினிக்கு நிரலும் எழுதுகின்றது. கந்தோர் வேலை ஒன்றே கௌரவம் என்று பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் இதனைக் காணாதிருக்கலாகாது.

நிச்சயமில்லாதது எது? ஆடைத் தைப்பை யந்திரம் முழுவதும் எடுத்துக்கொள்ளுமா, இல்லையா? வெளிநாட்டுக் கதவுகள் எமது வாலிபருக்குத் திறந்தே இருக்குமா, மூடுமா? நெல்லின் விலையும் உரத்தின் விலையும் எப்படிப் போகும்? இவற்றுக்கு ஒரே விடை சொல்லுபவரை நம்பவேண்டாம். இரண்டு விடைகளையும் எழுதி, இரண்டிலும் எமது ஊர் எப்படியிருக்கும் என்று பேசிப் பார்ப்போம்.

எது வந்தாலும் இன்றே செய்யத்தக்கது எது? ஒரே பயிரை, ஒரே சந்தையை, ஒரே உத்தியோகத்தை நம்பாதிருத்தல். கையிலே ஒரு தொழிலும் மனத்திலே கற்கும் பழக்கமும் உடையராதல். குளத்தையும் கிணற்றையும் காத்தல். இவற்றுக்காக நாம் எவ்வருங்காலத்திலும் வருந்தமாட்டோம். துணைக்கும் ஆட்கள் தூரத்தில் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் முதல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமே இயங்குகின்றது. அங்குள்ளோரை அழைத்தால் வரமாட்டார்களா?

அன்று பேசியதை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, அடுத்த ஆண்டு அதே நாளில் திறந்து வாசிப்போம். எதைச் சரியாகக் கண்டோம், எதைக் காணவில்லை, கண்டும் எதைச் செய்யாது விட்டோம் என்று ஒப்புநோக்குவோம். கம்பனிகள் இலட்சக்கணக்கில் செலவிட்டுச் செய்வது சாரத்தில் இதுவே. எமக்குச் செலவு ஒரு கொப்பியும் ஒரு பொழுதும்.

இதிலே வாலிபரால் மட்டும் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. புதிய கருவிகளை அறிந்தவர் வாலிபர். 1977ஐயும் 2009ஐயும் அறிந்தவர் மூத்தோர். விலை விழுந்த நாளில் முதலில் என்ன செய்தீர்கள், எந்த அயலவர் தப்பினார், எதனால் தப்பினார் என்பவற்றை நீங்கள் சொல்லாவிட்டால் எமக்கு வேறெவர் சொல்லுவார்? வாலிபர் கேட்கவும், மூத்தோர் சொல்லவும், பின்பு மூத்தோர் கேட்கவும், வாலிபர் சொல்லவும் ஒரு மேசை வேண்டும். அம்மேசையை இச்சங்கம் இடட்டும். கிராமத்துக்கு ஒரு விதுரர் என்பது அரிது. ஆனால் கூடி எண்ணும் ஒரு சபையே விதுரராக விளங்கமுடியும். அவர் சொல்லைக் கேட்கும் பாண்டவராக இருப்பதா, கேளாத திருதராட்டிரனாக இருப்பதா என்பது எம் கையிலே உள்ளது.